எகிப்தின் பஞ்சாலைப் பாஷா

முகம்மது அலி என்றதும் நம்மில் பலருக்குக் குத்துச்சண்டை வீரர்தான் ஞாபகத்துக்கு வருவார். நான் சொல்ல வந்தவர் அவர் இல்லை. 1805 முதல் 1848 வரை எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா.

விடுதி நினைவுகளும் பேராசிரியர்களுக்கான நன்றிகளும் நிறைந்த இந்த மலரில் ஒரு பாஷாவுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கல்லூரியை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து நூற்பாலை இயந்திரங்களோடு காலம் தள்ளுகிறவன் நான். ஆலை கேன்டீனில் டீயோடு அடிக்கடி கிளம்பும் ஒரு விவாதம் உண்டு. எண்ணெய் வளம் உள்ள சில நாடுகளைத் தவிர மற்ற முஸ்லிம் நாடுகள் ஐரோப்பாவை விட ஏன் இவ்வளவு பின்தங்கிக் கிடக்கின்றன? ஒருவர் மதம்தான் காரணம் என்பார். இன்னொருவர், வணிகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார். மூன்றாமவர், வெள்ளைக்காரன் கதவை உடைத்து உள்ளே வந்ததால்தான் கெட்டுப்போனது என்பார். மூன்று பேரும் பாஷாவின் வாழ்க்கையை ஒரு தடவை புரட்டிவிட்டு வந்தால் விவாதம் இன்னும் சுவையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவர் எகிப்தில் பிறந்தவரே அல்ல. இன்று கிரேக்க நாட்டில் இருக்கும் கவாலா என்ற துறைமுக ஊரில், ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தார். நெப்போலியனைப் போல் தானும் 1769-ல் பிறந்ததாகச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். வளர்ந்தபின் புகையிலை வியாபாரம் செய்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்றால் நம்ப முடிகிறதா? நெப்போலியனின் படை பிடித்து வைத்திருந்த எகிப்தை மீட்க 1801-ல் துருக்கி சுல்தான் படை அனுப்பினார். அதில் கவாலாவிலிருந்து போன சிறு பிரிவின் துணைத் தலைவராக எகிப்தில் கால் வைத்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறியதும் நாடு தலையில்லாமல் கிடந்தது. சுல்தானின் ஆட்கள் ஒரு பக்கம், நூற்றாண்டுகளாக நாட்டைப் பங்குபோட்டு ஆண்ட மம்லூக் பிரபுக்கள் ஒரு பக்கம், சம்பளம் கிடைக்காத அல்பேனியச் சிப்பாய்கள் இன்னொரு பக்கம். இந்தக் குழப்பத்தில் அவர் கெய்ரோ நகரத்து மார்க்க அறிஞர்களையும் வணிகர்களையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். 1805-ல் அவர்கள் கிளர்ச்சி செய்து அவரையே வாலியாக அறிவித்தார்கள். (வாலி என்றால் ஆளுநர். நம் இராமாயணத்து வாலி இல்லை!) சுல்தானும் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார். தன்னை ஏற்றிவிட்ட ஏணியை அவர் ரொம்ப நாள் வைத்திருக்கவில்லை. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய உமர் மக்ரமை 1809-ல் நாடு கடத்தினார். 1811 மார்ச் 1 அன்று மம்லூக் பிரபுக்களைக் கெய்ரோக் கோட்டைக்கு விருந்தினராக அழைத்தார். திரும்பிப் போகும் குறுகலான பாதையில் கதவுகளைச் சாத்தி, நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். தாண்டக் கூடாது. பின்னால் அவர் ஆலை நடத்திய விதமும் இதே மனசிலிருந்து வந்ததுதான்.

அடுத்து நிலம். வரிக் குத்தகைக்காரர்களை 1814-க்குள் ஒழித்துவிட்டு, நிலத்தை அளந்து, வரியை நேராக அரசே வசூலிக்க ஆரம்பித்தது. விளைச்சலை விவசாயி அரசுக் கிடங்கில்தான் போட வேண்டும், அரசு சொன்ன விலைக்கு. பிறகு அரசே அதை வெளிநாட்டுக்காரனுக்கு நல்ல விலைக்கு விற்கும். ஸ்பெயினில் நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படைக்குக் கோதுமை விற்றே பாஷா பெரும் பணம் பார்த்தார். ஒரே வரியில் சொன்னால், எகிப்து முழுவதும் ஒரே கடை, அதற்கு ஒரே முதலாளி. ஆகவே அவர் வெளியுலக வாணிபத்தை மூடி வைத்தவர் என்று யாராவது சொன்னால் அது தவறு. அவர் அமோகமாக வாணிபம் செய்தவர். ஆனால் கதவுச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

வாணிபத்துக்குத் துறைமுகம் வேண்டும், துறைமுகத்துக்கு வழி வேண்டும். அலெக்சாந்திரியாவை நைல் நதியோடு இணைக்கும் மஹ்மூதியா கால்வாயை 1817-ல் தொடங்கி 1820-ல் முடித்தார்கள். லட்சக்கணக்கான விவசாயிகளை ஊர் ஊராகப் பிடித்து வந்து, மண்வெட்டி போதாமல் கையாலேயே மண் அள்ள வைத்தார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குக்குக் கணக்கு வித்தியாசம் உண்டு. மிகக் குறைவாகச் சொல்கிறவர்களே பன்னிரண்டாயிரம் என்கிறார்கள். சிவில் பிரிவு நண்பர்கள் அந்தக் கால்வாயின் நீளத்தையும் மட்டத்தையும் வியந்து பேசும்போது இந்த எண்ணையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும்.

அதே சமயத்தில்தான் பருத்தி வந்தது. லூயி ஜூமெல் என்ற பிரெஞ்சுக்காரர் கெய்ரோவில் ஒரு பிரமுகரின் தோட்டத்தில் அழகுக்காக வளர்த்திருந்த செடியைப் பார்த்தார். அதன் இழை நீளமாக, பட்டுப் போல இருந்தது. பாஷா உடனே பிடித்துக்கொண்டார். 1821-ல் ஏற்றுமதி ஆயிரம் கந்தாருக்கும் குறைவு (ஒரு கந்தார் சுமார் 45 கிலோ). 1824-ல் இரண்டு லட்சம் கந்தாரைத் தாண்டிவிட்டது! மூன்றே வருஷம். நம் பக்கத்து ஆலைகளில் நைஸ் நூல் ஓட்டுகிறவர்களுக்கு கிஸா பருத்தி தெரியாமல் இருக்காது. அது இந்த வழியில் வந்ததுதான். 1974-ல் கோயம்புத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நம் சுவின் ரகத்தின் தாய் வழியிலும் கர்னாக் என்ற எகிப்தியப் பருத்தி இருக்கிறது.

பருத்தியை மூட்டை கட்டி அனுப்பினால் போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. இங்கேதான் நம் துறைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். நம் பஞ்சை வாங்கி, துணியாக்கி, நமக்கே விற்று லாபம் பார்க்கிறானே, அந்த ஆலையை நாமே ஏன் வைக்கக்கூடாது என்று கணக்குப் போட்டார். முதல் ஆலை கெய்ரோவில் குருன்ஃபிஷ் என்ற பேட்டையில் எழுந்தது. அடுத்த பதினைந்து வருஷத்தில் நைல் டெல்டாவிலும் மேல் எகிப்திலும் சுமார் முப்பது பஞ்சாலைகள். கூடவே பட்டு, கம்பளி, சர்க்கரை, கண்ணாடி, காகிதம், வெடிமருந்து, ஃபூவா என்ற ஊரில் சிவப்புக் குல்லாய். பூலாக் வார்ப்பாலையை காலவே என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அமைத்தார். அலெக்சாந்திரியாவில் போர்க் கப்பலே கட்டினார்கள். ஆலைகளில் முப்பதாயிரம் பேருக்குக் குறையாமல் வேலை செய்தார்கள். 1830-களில் தலைக்கு எத்தனை ஸ்பிண்டில் என்று கணக்குப் பார்த்து, எகிப்து உலகின் முன்வரிசையில் இருந்தது என்று சொல்லும் பொருளாதார வரலாற்றாசிரியர்களும் உண்டு.

ஸ்பிண்டில் இருந்தால் போதுமா? அதைச் சுற்றுவது யார்? பெரும்பாலும் மாடுகள்! எகிப்தில் நிலக்கரி கிடையாது, எரிக்க விறகும் கிடையாது. நீராவி இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மாடு செக்கைச் சுற்றினால் பரவாயில்லை. நூற்பு இயந்திரத்தைச் சுற்றினால் என்ன ஆகும் என்று ஸ்பின்னிங்கில் ஒரு ஷிப்ட் நின்றவர்களுக்குத் தெரியும். வேகம் ஒரே சீராக இருக்காது, முறுக்கு கூடிக் குறையும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்குப் பாலைவனப் புழுதி. பல் சக்கரத்தில் மணலும் எண்ணெயும் கலந்தால் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். இயந்திரம் உடைந்தால் உதிரிப் பாகம் எங்கே வாங்குவது? பிரிட்டன் தன் நூற்பு இயந்திரங்களை வெளிநாட்டுக்கு விற்பதற்கு 1843 வரை சட்டத்தில் தடை வைத்திருந்தது. உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான். அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் பராமரிப்பு இல்லாத ஆலை எத்தனை நாள் ஓடும்?

ஆட்கள் விஷயம் அதைவிட மோசம். விவசாயியைப் பிடித்து வந்து ஆலையில் விட்டார்கள். கூலி குறைவு, அதுவும் ஒழுங்காக வராது. ஓடிப்போனால் அடி. படைக்கு ஆள் எடுப்பது 1822-ல் தொடங்கியது. 1830-களில் படையில் ஏறக்குறைய 1,30,000 பேர். ஐம்பது லட்சம்கூட இல்லாத நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய சுமை! படையிலிருந்து தப்பிக்க இளைஞர்கள் சுட்டுவிரலை வெட்டிக்கொண்டார்கள், ஒரு கண்ணைக் குருடாக்கிக்கொண்டார்கள். பாஷா அப்போதும் விடவில்லை. ஒற்றைக் கண்ணர்களைக் கொண்டே தனிப் படைப்பிரிவு அமைத்தார். இந்த மனுஷனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று படிக்கும்போதெல்லாம் நான் தடுமாறுவது உண்டு.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். இன்று படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது பிடிக்கும். 1826-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பாரிசுக்கு அனுப்பினார். அவர்களுக்குத் தொழுகை நடத்தப் போன ரிஃபாஆ அல்-தஹ்தாவி என்ற இளம் இமாம் தானே பிரெஞ்சு கற்று, 1834-ல் பாரிஸ் அனுபவங்களை நூலாக எழுதினார். அடுத்த வருஷமே மொழிகளுக்கென்று தொடங்கிய கல்லூரிக்குப் பொறுப்பேற்று, ஐரோப்பிய நூல்களை அரபிக்குக் கொண்டுவரும் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். 1827-ல் மருத்துவக் கல்லூரி, 1832-ல் பெண்களுக்கு மருத்துவச்சிப் பள்ளி, 1834 வாக்கில் பூலாக்கில் பொறியியல் கல்லூரி. நம் கிண்டி சர்வே பள்ளி 1794-ல் தொடங்கியதை நினைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே காலம். மதம்தான் தடை என்று பேசுகிற நண்பர்கள் இந்த இமாமை எங்கே வைப்பார்களோ தெரியவில்லை.

ஒரு சின்னக் கதை. டெல்டாவின் தலையில் நைலுக்குக் குறுக்கே அணை கட்ட 1833-ல் முடிவானது. கல்லுக்கு எங்கே போவது? பிரமிடுகளைப் பிரித்துக் கொண்டுவா என்று பாஷா உத்தரவு போட்டுவிட்டார். லினான் என்ற பிரெஞ்சுப் பொறியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்த்துப் பேசினால் வேலை போகும். வேறு ஆள் வந்து பிரித்தும் விடுவான். மனிதர் அமைதியாக ஒரு மதிப்பீடு தயாரித்தார். பிரமிடிலிருந்து எடுத்தால் ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு, புதிதாகக் குவாரி வெட்டினால் இவ்வளவு. குவாரிதான் மலிவு. பாஷா குவாரிக்குக் கையெழுத்துப் போட்டார். எஸ்டிமேட் பாடத்தில் தூங்கியவர்கள் கவனிக்கவும்!

இதற்கிடையில் அவர் படைகள் அரேபியா, சூடான், கிரேக்கம், சிரியா என்று போய்க்கொண்டே இருந்தன. 1832-ல் மகன் இப்ராகிம், கோன்யாவில் சுல்தானின் படையையே தோற்கடித்து இஸ்தான்புல்லுக்குப் போகும் பாதையைத் திறந்துவிட்டார். ஐரோப்பிய வல்லரசுகளுக்கு வயிற்றைக் கலக்கியது. சுல்தானுக்கோ தன் ஆளுநரை அடக்க ஒரு துணை தேவைப்பட்டது. அதன் விலைதான் 1838 ஆகஸ்ட் 16 அன்று பால்டா லிமான் என்ற இடத்தில் பிரிட்டனோடு செய்த வணிக ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்ட எல்லா இடத்திலும் ஏகபோக வியாபாரம் ரத்து. பிரிட்டிஷ் வியாபாரி எந்த ஊரிலும் யாரிடமும் நேராக வாங்கலாம். இறக்குமதிக்கு மொத்த வரி 5 சதவீதம், ஏற்றுமதிக்கு 12 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன் இறக்குமதி வரி 3 சதவீதம்தான். ஆகக் காகிதத்தில் வரி ஏறியது! பாஷாவின் ஆலைகளுக்குப் பாதுகாப்பு சுங்கச் சாவடியில் இருக்கவில்லை, அந்த ஒரே கடை முறையில் இருந்தது. ஏகபோகம் போனதும் மலிவான பஞ்சும் போயிற்று, கட்டாய வாடிக்கையாளரும் போனார்கள்.

பாஷா முதலில் மசியவில்லை. 1839-ல் நிசிப் போரில் சுல்தானின் படையை மறுபடி அடித்தார். 1840-ல் பிரிட்டிஷ் கப்பல்கள் பெய்ரூட்டிலும் அக்காவிலும் குண்டு பொழிந்துவிட்டு, அலெக்சாந்திரியா வாசலில் வந்து நின்றன. 1841-ல் சமரசம். எகிப்து அவர் வம்சத்துக்குப் பரம்பரையாக. பதிலுக்குச் சிரியாவை விட வேண்டும், படை 18,000-க்கு மேல் போகக் கூடாது, சுல்தானின் ஒப்பந்தங்கள் எகிப்துக்கும் பொருந்தும். படை சுருங்கியதும் சீருடைத் துணிக்கும் வெடிமருந்துக்கும் தேவை போயிற்று. ஆலைகளின் பெரிய வாடிக்கையாளர் படைதானே! 1840-களில் அவை ஒவ்வொன்றாக நின்றன.

இதைப் படித்துவிட்டு, பிரிட்டன் கதவை உடைத்ததால்தான் எகிப்து ஏழையானது என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். பாதி உண்மை. திறந்த வாணிபம் பேசிய பிரிட்டன், தன் துணி ஆலைகள் வளரும் முன் 1700-லும் 1721-லும் நம் நாட்டு அச்சுத் துணிகளுக்குத் தடை போட்ட நாடு. சோழமண்டலக் கரைத் துணியும் அதில் அடிபட்டது. பிரான்ஸ் ஆங்கிலேயப் பருத்தித் துணிகளை 1860 வரை உள்ளே விடவே இல்லை. அமெரிக்கா 1816-லிருந்தே தன் ஆலைகளுக்குப் பாதுகாப்பு வரி போட்டது. தாங்கள் ஏறிய படிக்கட்டை அடுத்தவனுக்கு மறுத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுபாதி ஜப்பானில் இருக்கிறது. அவர்கள் மீதும் 1858-ல் இதே மாதிரி ஒப்பந்தங்கள் திணிக்கப்பட்டன. 1866-லிருந்து அங்கேயும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 5 சதவீத வரிதான். வரி போடும் உரிமை முழுசாகத் திரும்பியது 1911-ல். ஆனால் அதற்குள் 1883-லேயே ஒசாகாவில் 10,500 ஸ்பிண்டிலோடு நீராவியில் ஓடும் தனியார் ஆலை வந்து, லாபமும் பார்த்தது. ஜப்பானுக்கு நிலக்கரி இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த கிராமத்து ஜனம் இருந்தது. கையில் பணமும் தைரியமும் உள்ள வியாபாரிகள் இருந்தார்கள். பாஷா தன் வியாபாரிகளை ஒரே கடை முறையால் ஒழித்துவிட்டார். விவசாயி கையில் காசு நிற்க விடவில்லை. பாரிசில் படித்து வந்தவர்களைச் சொன்னதைச் செய்கிற அலுவலர்களாகவே வைத்திருந்தார். அரசு கையை எடுத்ததும் ஆலையை ஏற்று நடத்த ஒரு எகிப்தியர்கூட முன்வரவில்லை என்பதற்கு பிரிட்டனை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

கடைசி நாட்களில் அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது. 1848-ல் மகன் இப்ராகிம் பொறுப்பேற்று அதே வருஷம் நவம்பரில் இறந்தார். பாஷா 1849 ஆகஸ்ட் 2 அன்று அலெக்சாந்திரியாவில் காலமானார். கெய்ரோக் கோட்டையில் அவர் கட்டத் தொடங்கிய பெரிய பள்ளிவாசலில் அடக்கம் செய்தார்கள். அந்தப் பள்ளிவாசலின் முற்றத்தில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. எகிப்திலிருந்து போன லக்சர் கல்தூணுக்குப் பதிலாக பிரெஞ்சு அரசர் அனுப்பியது. தூண் பாரிசில் கம்பீரமாக நிற்கிறது. கடிகாரமோ பல தலைமுறைகளாக ஓடாமலே நின்றதில் பேர்போனது.

எத்தனை கொடுமை செய்தாலும் ஒரு விஷயத்தில் அவர் உறுதியாக இருந்தார். வெளிநாட்டுக் கடன் வாங்கவில்லை. சூயஸ் கால்வாய்த் திட்டத்துக்கும் சம்மதிக்கவில்லை. வல்லரசுகள் அதைச் சாக்கிட்டு வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயம். அவருக்குப் பின் வந்தவர்கள் இரண்டையும் செய்தார்கள். முதல் வெளிநாட்டுக் கடன் 1862-ல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி விலை ஏறியபோது பணம் கொட்டியது. போர் முடிந்து விலை விழுந்தது, கடன் விழவில்லை. 1875-ல் சூயஸ் பங்குகளைச் சுமார் 40 லட்சம் பவுனுக்குப் பிரிட்டனிடம் விற்றார்கள். 1876-ல் 9 கோடிப் பவுனுக்கு மேல் கடனோடு திவால். 1882-ல் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது.

அதன்பின் எகிப்து முழுக்கத் திறந்த நாடுதான். பருத்தி ஏற்றுமதி ஏறிக்கொண்டே போனது. ஆங்கஸ் மேடிசன் தொகுத்த கணக்கைப் பார்த்தால், 1820-லிருந்து 1913-க்குள் எகிப்தியரின் சராசரி வருமானம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. ஆகத் திறந்ததால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே கணக்கில் 1820-ல் பிரிட்டிஷ்காரரின் வருமானம் எகிப்தியருடையதைப் போல் சுமார் மூன்றரை மடங்கு, 1913-ல் ஐந்தரை மடங்கு. இவர்கள் நடந்தார்கள், அவர்கள் ஓடினார்கள். 1913 வாக்கில் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு பருத்தியும் பருத்தி விதையும். அந்தப் பஞ்சு லங்காஷயருக்குப் போய்த் துணியாகத் திரும்பி வந்தது. பாஷா நூறு வருஷத்துக்கு முன் எரிச்சல்பட்டது இதைப் பார்த்துத்தான்.

1920-ல் தலாத் ஹர்ப் என்பவர் எகிப்தியர் பணத்திலேயே பாங்க் மிஸ்ர் தொடங்கினார். அந்த வங்கி 1927-ல் டெல்டாவில் மஹல்லா என்ற ஊரில் ஒரு பஞ்சாலை வைத்தது. இந்த முறை மாடு இல்லை, கட்டாய ஆள் பிடிப்பும் இல்லை. எகிப்து தன் சுங்க வரியைத் தானே நிர்ணயிக்கும் உரிமையைத் திரும்பப் பெற்றது 1930-ல். பாஷா இறந்து அப்போது 81 வருஷம் ஆகியிருந்தது.